1950–60களின் பாணியில் ரவிக்கை தைத்து விற்பது: எங்கிருந்து கற்பது, எங்கே விற்பது?

தையல்நாயகி (பாளையங்கோட்டை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகளாக வீட்டிலிருந்தே அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து வருகிறேன். அண்மையில் எங்கள் ஆச்சியின் டிரங்குப் பெட்டியை வெயிலில் வைக்கத் திறந்தபோது, அடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஆறு ஜாக்கெட்டுகள் கிடைத்தன. (ஆச்சி கடைசிவரை 'பிளவுஸ்' என்று சொன்னதே இல்லை. தாம் அணிந்ததை ஜாக்கெட் என்பார். தம் தாயார் அணிந்ததை ஜம்பர் என்பார்.) இரண்டு வெள்ளைக் கேம்ப்ரிக், ஒன்று மெல்லிய வாயில் துணி, மற்றவை பாப்ளின். ஆறும் குட்டையான பஃப் கை வைத்தவை. கழுத்து முன்னும் பின்னும் ஏறி நிற்கிறது. திருமணப் புகைப்படத்தில் ஆச்சி அணிந்திருப்பது இவற்றுள் ஒன்றுதான் என்பதால், 1950களின் இறுதியில் தைத்தவை என்று கணக்கிடுகிறேன்.

ஒன்றை அணிந்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் வைத்தேன். மாலைக்குள் நான்கு பேர், இதே போலத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டுவிட்டார்கள். ஒருவர் பெங்களூரில் இருப்பவர். இந்த வெட்டை எங்கிருந்து கற்பது, இதற்குப் பழைய இயந்திரம்தான் வேண்டுமா, ஒரு ரவிக்கைக்கு என்ன விலை சொல்வது என்பவை என் ஐயங்கள். இப்போதைக்குத் துணியோடு சேர்த்து 450 ரூபாய் என்று சொல்லியிருக்கிறேன்.

மதுரைக் கத்தரிக்கோல் எழுதியது:

அம்மா, பாடநூலை மடியில் வைத்துக்கொண்டு பாடநூல் எங்கே என்று கேட்கிறீர்கள். அந்த ஆறில் ஒன்றை உட்புறம் வெளியே வருமாறு திருப்பிப் போட்டு, வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள்.

நான் புது மண்டபத்தில் தொழில் பழகியவன். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில், சிற்பத் தூண்களுக்கு நடுவே வரிசையாக மிதி இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. வெளிநாட்டுப் பயணி ஒருவர் தம் பழைய சட்டையைக் கொடுத்துவிட்டு மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிப் பார்க்கப் போவார். அவர் திரும்பி வருவதற்குள் அதே வெட்டில் இன்னொரு சட்டை தயாராக இருக்க வேண்டும். அந்தச் சட்டையின் ஒரு தையலைக்கூடப் பிரிக்காமல் படியெடுக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்.

செய்முறை எளியது. தடித்த போர்வையை நான்காக மடித்துத் தரையில் விரித்து, அதன்மேல் பழுப்புத் தாளை வையுங்கள். தாளின் மேல் ரவிக்கையின் ஒரு பாகத்தை மட்டும், இழை நேராக இருக்கும்படி சுருக்கமில்லாமல் பரப்பி, தையல் கோட்டின் மேலேயே அரை அங்குலத்துக்கு ஒரு முறை குண்டூசியைச் செங்குத்தாகக் குத்தி எடுங்கள். துணியை அகற்றினால் தாளில் புள்ளிகளாக வெட்டு கிடைத்துவிடும். பென்சிலால் சேர்த்து, தையல் விடுப்பை (தையலுக்கு வெளியே விடும் துணியை) பின்னர் கூட்டிக்கொள்ளலாம். டாட் (உடம்பின் வளைவுக்காகத் துணியை ஆப்பு போல மடித்துத் தைப்பது) இருக்கும் இடத்தில் துணி தட்டையாகப் படியாது. டாட்டின் ஒரு பக்கம் வரை முதலில் குத்தி, பிறகு துணியை நகர்த்தி, டாட்டுக்குள் மடிந்திருக்கும் அகலத்தை அளந்து சேர்த்து மறுபக்கத்தைத் தொடர வேண்டும். முதல் முறை தவறும். அதற்காகத்தான் ஆறு ஜாக்கெட்டுகளை ஆச்சி விட்டுப் போயிருக்கிறார்.

உள்ளே பார்க்கும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். பக்கவாட்டில் ஒரு அங்குலத்துக்கும் மேலாகத் துணி விட்டு, இரண்டு மூன்று வரி தையல் போட்டிருப்பார்கள். உடம்பு பெருத்தால் ஒரு வரியைப் பிரித்துவிடுவதற்காக அப்படிச் செய்தார்கள். கொக்கி மாட்டும் இடத்தில் கம்பி வளையம் இருக்காது. நூலாலேயே கண்ணி கட்டி, அதன்மேல் காஜாத் தையல் சுற்றியிருப்பார்கள். கழுத்துப் பட்டி குறுக்கு வெட்டில் எடுத்ததா, நேர் வெட்டில் எடுத்ததா என்று இழையைப் பாருங்கள். வாடிக்கையாளர் கண்ணுக்கு இவை தெரியாமல் போகலாம். ஆனால் ரவிக்கை உடம்பில் உட்காரும் விதத்தைத் தீர்மானிப்பவை இவையே.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஆச்சி காலத்து உள்ளாடையின் வடிவம் வேறு. ஆகவே டாட்டின் முனை இன்றைய உடம்புக்குச் சரியான இடத்தில் வராது. வெட்டைப் படியெடுங்கள், டாட்டை மட்டும் அணிபவரின் அளவுக்கு மாற்றுங்கள்.

ஊசிக்காது (சென்னை) எழுதியது:

கத்தரிக்கோல் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதனோடு படங்களும் வேண்டும். ஆறு ஜாக்கெட்டுகளும் ஒரே பெண்மணியின் விருப்பத்தையும், அநேகமாக ஒரே தையற்காரரின் கையையும்தானே காட்டும்?

தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் இதழ்களைப் பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். கதைகளைத் தள்ளிவிட்டு விளம்பரங்களையும் அட்டைகளையும் பாருங்கள். ஆனால் ஓவியர்கள் வரைந்த இடையை நம்பி வெட்டினால் உங்களுக்குத் துணி மிஞ்சும், வாடிக்கையாளருக்கு மூச்சு மிஞ்சாது. ஓவியத்திலிருந்து கை, கழுத்து, கரை வைக்கும் இடம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். அளவை எடுக்கக் கூடாது. அளவுக்கு நம்பத்தக்கவை ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படங்களே. உறவினர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் கேட்டால் பீரோவுக்குள்ளிருந்து எடுத்துக் காட்டுவார்கள்; என் சேகரிப்பில் பாதி அப்படி வந்ததுதான்.

இன்னொன்றும் உண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலுக்குக் கீழ்நிலை, மேல்நிலை எனத் தேர்வுகள் இருக்கின்றன அல்லவா? அவற்றுக்காக அச்சிட்ட பழைய கையேடுகள் பழைய புத்தகக் கடைகளில் சில நேரம் அகப்படும். மார்பளவை வைத்துப் பிற அளவுகளைக் கணக்கிடும் முறை, கைத்தையல் மாதிரிகள், ஒட்டுப் போடுதல், காஜா எடுத்தல் என்று இன்று எந்தக் காணொளியும் பொறுமையாகச் சொல்லாதவற்றை அவை சொல்கின்றன. அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை என்று வாங்கிவிடுங்கள்.

டொரொண்டோ ஊசி எழுதியது:

நான் தைப்பது மேல்நாட்டுப் பழைய பாணி: 1940–50களின் கவுன்கள். இந்த உரையாடலுக்கு அவை வேறு துறை என்றாலும், தாள் வெட்டுகளை (ஆடையின் பாகங்களைத் தாளில் வடித்து உறையிலிட்டு விற்பவை) தேடுபவர்களுக்காக எழுதுகிறேன்.

ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகம் பழைய வணிகத் தாள் வெட்டுகளுக்கென ஓர் ஆவணக் காப்பகம் வைத்திருக்கிறது. ஆண்டு வாரியாக உறைகளையும் துண்டு வடிவங்களையும் பார்க்க முடிவதால், ஒரு கை எந்த ஆண்டுகளில் எப்படி வெட்டப்பட்டது என்பது விளங்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் பழைய தையல் நூல்கள் ஏராளம். பஃப் கையின் விரிவு எப்படி உண்டாகிறது என்பதை (கை வெட்டை நடுவில் கீறி விரித்து, விரிந்த அகலத்தைச் சுருக்கிட்டுத் தோளில் ஏற்றுவது) அவற்றின் படங்கள் தெளிவாகக் காட்டும். அந்தக் கணக்கு ரவிக்கைக்கும் கவுனுக்கும் ஒன்றே.

பழைய தாள் வெட்டை விலைக்கு வாங்குபவர்கள் அளவு எண்ணை நம்ப வேண்டாம். 1950களின் நடுவில் வெளிவந்த ஓர் உறையில் 14 என்று இருந்தால் அது 32 அங்குல மார்பளவு. அந்தப் பத்தாண்டின் இறுதியில் அதே 32 அங்குலத்துக்கு 12 என்று எண் இட்டார்கள். 1960களின் கடைசியில் மீண்டும் மாற்றினார்கள். உறையில் அச்சிட்டிருக்கும் அங்குல அளவு மட்டுமே உண்மை. மிகப் பழைய வெட்டுகளில் கோடுகளே இருக்காது, மெல்லிய தாளில் சிறு துளைகள் மட்டும் இருக்கும். பெரிய துளை, சிறிய துளை, வெட்டுக்குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. அந்த விளக்கம் உறையின் பின்புறத்தில் இருக்கும் என்பதால் உறை இல்லாத வெட்டை வாங்காதீர்கள்.

பழைய இரும்பு எழுதியது:

இயந்திரம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதே என் பிழைப்பு.

பழைய இயந்திரம் கட்டாயம் இல்லை. ஆனால் வீட்டில் கருப்பு சிங்கரோ, கல்கத்தாவில் 1930களில் பிறந்த உஷாவின் பழைய மாடலோ சும்மா கிடந்தால், புதியது வாங்குவதற்கு முன் அதை எழுப்பிப் பாருங்கள். அவை நேர்த்தையல் ஒன்றைத் தவிர வேறெதுவும் செய்யத் தெரியாதவை. அந்த ஒன்றை மிக நன்றாகச் செய்பவை. மெல்லிய வாயிலில் அங்குலத்துக்கு 14, 15 தையல் என்று நெருக்கமாகப் போட வேண்டுமானால், காலால் மெதுவாக மிதித்து ஓட்டும் இயந்திரத்தில் கிடைக்கும் கட்டுப்பாடு மலிவான மோட்டார் இயந்திரத்தில் கிடைப்பதில்லை. காந்தியடிகள் இயந்திரங்களைப் பற்றிப் பேசும்போது சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்களித்தார் என்பதை எங்கள் தொழிலில் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம்.

இறுகிப்போய்ச் சுற்றாத இயந்திரங்களில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. எப்போதோ யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள். அது காய்ந்து பிசினாகியிருக்கும். எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு ஓர் இரவு வைத்து, மறுநாள் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். விசை கொடுத்துத் திருகாதீர்கள். இளகிய பிறகு நன்றாகத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் மட்டும் விடுங்கள். அப்புறம் பாபின் கேஸை (அடி நூல் கண்டு உட்காரும் கூட்டை) கழற்றி, அதன் தகட்டுக்கு அடியில் சிக்கியிருக்கும் பஞ்சைக் குண்டூசியால் எடுங்கள். அடி நூல் வளையம் வளையமாக வருகிறது என்று என்னிடம் கொண்டு வருபவர்களில் பலர், மேல் நூலை டென்ஷன் தட்டுகளுக்கு இடையில் சரியாக இறக்காதவர்களே.

ஊசியில்தான் பலரும் தவறுகிறார்கள். கடையில் ஊசி கேட்டால் 16ஆம் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். பாப்ளினுக்கு 14 போதும். வாயிலுக்கும் மல்லுக்கும் 11 அல்லது 9 என்று கேட்டு வாங்குங்கள். ஊசியின் நீண்ட பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் நூலைக் கோக்க வேண்டும். இயந்திரத்துக்கு இயந்திரம் திசை மாறினாலும் இந்த விதி மாறாது.

ஊசிக்காது எழுதியது:

ஒரு கேள்வி. ஓரங்களை ஓவர்லாக் செய்தால் (நூல் பிரியாமலிருக்க அதற்கான இயந்திரத்தில் சுற்றித் தைத்தால்) பழைய பாணி கெட்டுவிடுமா? எனக்கு நேரம் அதில்தான் மிச்சமாகிறது.

மதுரைக் கத்தரிக்கோல் எழுதியது:

கெட்டுவிடும். ஓவர்லாக் நூல் தடித்து, மெல்லிய துணியில் வெளியே வரியாகத் தெரியும். அதைவிட முக்கியமாக, பிரித்துவிடத் துணி விடாமல் ஓரத்தை வெட்டிக்கொண்டே போவது அதன் இயல்பு. மெல்லிய துணிக்குப் பிரெஞ்சு தையல் (வெட்டிய ஓரம் உள்ளே மறையும்படி இரண்டு முறை தைப்பது) போடுங்கள். தோளுக்கு இரட்டை மடிப்பு போடுங்கள்.

டொரொண்டோ ஊசி எழுதியது:

ஐயா சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அருங்காட்சியகத்துக்குத் தைப்பவர்கள் அப்படிச் செய்யட்டும். அலுவலகத்துக்கு அணிந்துபோய் வாஷிங் மெஷினில் போடுபவருக்கு விற்கிறோம். ஓரம் பிரிந்தால் நம்மைத்தான் குறை சொல்வார். ஒரு அங்குலத் துணியை விட்டே, கத்தியை நிறுத்திவைத்து ஓவர்லாக் செய்ய முடியும். தைத்த முறையை விளம்பரத்தில் உள்ளபடியே எழுதிவிட்டால் போதும்.

இதோடு சேர்த்துச் சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்ஸி என்ற இணையச் சந்தையில் 'விண்டேஜ்' என்ற பிரிவில் இடப்படும் பொருள் குறைந்தது 20 ஆண்டுப் பழமை உடையதாக இருக்க வேண்டும். நேற்றுத் தைத்த பழைய பாணி ரவிக்கையை அதில் இட முடியாது, கையால் செய்தவை என்ற பிரிவில்தான் இட வேண்டும். தைப்பதற்கு வேறொருவரின் பட்டறையைப் பயன்படுத்தினால் அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பொருளைப் பட்டியலிட 20 சென்ட் கட்டணம், அது நான்கு மாதம் இருக்கும். விற்றால் அஞ்சல் செலவையும் சேர்த்த தொகையில் 6.5 விழுக்காடு எடுத்துக்கொள்வார்கள். பணம் வந்து சேர்வதற்கான கட்டணம் தனி. அமெரிக்காவுக்கு அனுப்ப நினைப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள்: 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. என் அமெரிக்க வாடிக்கையாளர்கள் பாதியாகக் குறைந்தது அதற்குப் பிறகுதான்.

மதுரைக் கத்தரிக்கோல் எழுதியது:

கத்தியை நிறுத்திவைத்துச் செய்வதானால் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் வாயிலில் செய்யாதீர்கள்.

சொல் விஷயத்தில் உங்களோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். அச்சில் புள்ளி வைத்த சேலையை, முடிச்சிட்டுச் சாயமேற்றிய சுங்குடி என்று விற்பதை எங்கள் ஊரில் அன்றாடம் பார்க்கிறேன். 'பழைய ரவிக்கை' வேறு, 'பழைய பாணி ரவிக்கை' வேறு. ஒரு சொல்லை விழுங்கிவிட்டு விற்றால் முதல் விற்பனையோடு வாடிக்கையாளர் போய்விடுவார்.

நாஞ்சில் லேஸ் எழுதியது:

துணியையும் லேஸையும் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

எங்கள் நாகர்கோவிலில் லேஸ் பின்னல் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நடத்திய பெண்கள் பள்ளியில் தொடங்கியது. திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடியில் கால்டுவெல்லின் துணைவியார் எலைசா அதே வேலையைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தையல்நாயகி அக்கா, உங்கள் ஊருக்கு இவ்வளவு அருகில் இப்படி ஒரு மரபு இருக்கும்போது, கைவிளிம்புக்கு நைலான் லேஸை மீட்டர் கணக்கில் வாங்கி ஒட்ட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். ஆச்சி ஜாக்கெட்டில் லேஸ் இருந்தால் அது பருத்தி நூலில் பின்னியதா என்று பாருங்கள். வயதான பெண்கள் சிலர் இன்னும் பின்னுகிறார்கள். அரை மீட்டர் பின்ன எத்தனை நாள் ஆகும் என்பதை அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்லும் விலையைக் கொடுங்கள். ஒரு ரவிக்கைக்கு இரண்டு கைக்கும் சேர்த்து முக்கால் மீட்டர்தான் தேவைப்படும்.

பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் கட்டாயம் நனைத்து உலர்த்த வேண்டும். கைத்தறித் துணியானால், ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். சாயம் போவது புதிய சிக்கல் அல்ல. 1958இல் அமெரிக்க இறக்குமதியாளர் வில்லியம் ஜேகப்சன், பிற்காலத்தில் லீலா விடுதிகளைத் தொடங்கிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடமிருந்து மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியை வாங்கி, ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்க ஆடை நிறுவனத்துக்கு விற்றார். குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சாயம் ஓடி எல்லாரும் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் சாயம் போவதையே அந்தத் துணியின் தனிச்சிறப்பாக்கி விளம்பரம் செய்து தப்பித்தார்கள். நமக்கு அந்த வசதி இல்லை.

தையல்நாயகி எழுதியது:

நாஞ்சில் லேஸ் அவர்கள் நேற்றே எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெங்களூர் வாடிக்கையாளருக்காக வாங்கிய அரக்கு நிறக் கைத்தறித் துணியை நனைக்காமலே வெட்டித் தைத்துவிட்டேன். இன்று காலை இஸ்திரி போடுவதற்காக நீர் தெளித்தபோது வெள்ளைக் கழுத்துப் பட்டியில் சாயம் இறங்கிவிட்டது. முழு ரவிக்கையையும் நனைத்துப் பார்த்தால் நீளத்தில் முக்கால் அங்குலம் குறைந்திருக்கிறது. துணி, உழைப்பு இரண்டும் போயின. அதை அப்படியே என் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டேன், அவளுக்கு மகிழ்ச்சிதான்.

குண்டூசி முறை கைகூடிவிட்டது. மூன்றாவது தாளில் கை வெட்டு சரியாக வந்தது. பாபின் கேஸில் இருந்து ஒரு கைப்பிடி பஞ்சு எடுத்தேன் என்பதையும் பழைய இரும்பு அண்ணனுக்குத் தெரிவிக்கிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வணக்கம். முதல் பதிவில் 450 ரூபாய் என்று படித்ததிலிருந்து காத்திருக்கிறேன்.

நீங்கள் சொன்னவற்றை வைத்து ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுகிறேன். எண்களை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். துணி 160, நூலும் கொக்கியும் 20, லேஸ் 80, பொதியும் அட்டையும் 40. ஆக 300 ரூபாய் கையை விட்டுப் போகிறது. கை எம்மிங், நூல் கண்ணி, பிரெஞ்சு தையல் எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 450 ரூபாய்க்கு விற்கும்போது உங்களுக்கு மணிக்கு 25 ரூபாய் கிடைக்கிறது. உங்கள் உழைப்புக்கு மணிக்கு 100 ரூபாய் என்று குறைவாகவே போட்டாலும் 900. இன்று அரக்குத் துணி போனதே, அப்படிப் போவதற்கும் இயந்திரத் தேய்மானத்துக்கும் பத்தில் ஒரு பங்கு, 90. அடக்க விலையே 990. அதன்மேல் 20 விழுக்காடு சேர்த்தால் ஏறத்தாழ 1,190. இதற்குக் கீழே விற்பதானால், வாடிக்கையாளருக்கு நீங்கள் மொய் எழுதுகிறீர்கள் என்று பொருள்.

"தெருமுனைக் கடையில் 300 ரூபாய்க்குத் தைத்துத் தருகிறார்களே" என்று கேட்பார்கள். அவர்கள் வேறு பொருளைத் தேடுபவர்கள். வணக்கம் சொல்லி அனுப்பிவிடலாம்.

இனி சட்டம். பொருள் விற்பனைக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்; புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம். ஆனால் இது மாநிலத்துக்குள் விற்கும்வரைதான். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. பெங்களூர் வாடிக்கையாளர் என்றதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருள்களுக்கு இதில் விலக்கு உண்டு என்றாலும், இயந்திரத்தில் தைத்த ரவிக்கை அந்தப் பட்டியலில் அடங்கும் என்று நீங்களாகவே எண்ணிவிடாமல், உங்கள் ஊர் வரி ஆலோசகரிடம் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள். இணையச் சந்தைத் தளங்களின் வழியே மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளர்கள், 2023 அக்டோபர் 1 முதல், பான் எண்ணைக் கொண்டு ஒரு சேர்க்கை எண் பெற்றுக்கொண்டு முழுப் பதிவு இல்லாமலே விற்கலாம். பதிவு செய்துகொண்டவர்களுக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 விழுக்காடு வரி. லேஸும் கைவேலையும் கூட்டிக்கூட்டி 2,600 ரூபாய்க்கு ஒரு ரவிக்கை விற்பவர், 2,500இல் நிறுத்தினால் வாங்குபவருக்கும் நல்லது.

சிறு தொழில்களுக்கான ஒன்றிய அரசின் உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். கடன் வேண்டுமானால், 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். 3 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 25 விழுக்காடு, அதிக அளவாக 50,000 ரூபாய், மானியம் என்று அறிவித்தார்கள். ஆனால் ஓர் ஓவர்லாக் இயந்திரத்துக்காகக் கடன் வாங்குவதற்கு முன் இருபது ரவிக்கையாவது விற்றுப் பாருங்கள்.

ஊசிக்காது எழுதியது:

விற்கும் இடத்தைப் பற்றி என் அனுபவம்: முதலில் வாட்ஸ்அப், பிறகு இன்ஸ்டாகிராம், அதன் பிறகு கண்காட்சி. சென்னையில் நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் சுய உதவிக் குழுக்களின் கண்காட்சிகள் நடக்கும். உங்கள் மாவட்டத்திலும் மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்கலாம். கண்காட்சியில் தைத்த ரவிக்கையைக் குவித்து வைப்பதால் பயனில்லை, அளவு பொருந்தாது. மூன்று மாதிரிகளைத் தொங்கவிட்டு, உட்புறத்தைத் திருப்பிக் காட்டி, அளவு எடுத்து முன்பணம் வாங்குங்கள். பழைய திரைப்பட நடிகைகளின் படத்தையோ பெயரையோ போட்டு விற்காதீர்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் உரிமை நம்முடையது அல்ல. உங்கள் ஆச்சியின் திருமணப் படம் இருக்கும்போது வேறெந்தப் படமும் எதற்கு?

தையல்நாயகி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். விலையை 1,190 என்று மாற்றினேன். கேட்ட நால்வரில் இருவர் விலகிவிட்டார்கள். பெங்களூர்க்காரரிடம், பதிவு முடியும்வரை காத்திருக்க இயலுமா என்று கேட்டேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நேரில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நான்காமவருக்கு வெள்ளைக் கேம்ப்ரிக்கில் தைத்து முடித்தேன். இடையன்குடிப் பக்கம் ஒரு பாட்டி பின்னிக் கொடுத்த லேஸை வைத்திருக்கிறேன்.

எல்லாம் சரியாக வந்தும் ஒன்று மட்டும் உதைக்கிறது. வெட்டு ஆச்சியுடையதுதான், சுருக்கத்தின் அளவும் அதேதான், தாளோடு தாள் வைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் திருமணப் படத்தில் ஆச்சியின் கை தோளில் குமிழ் போல நிமிர்ந்து நிற்கிறது. என்னுடையது துவண்டு தொங்குகிறது. உள்ளே கேன்வாஸ் பட்டை வைத்துத் தைத்தால் நிற்குமா? விரிவை இன்னும் ஒரு அங்குலம் கூட்டட்டுமா?

மதுரைக் கத்தரிக்கோல் எழுதியது:

இரண்டும் வேண்டாம் அம்மா. ஆச்சியின் ஜாக்கெட்டில் கேன்வாஸ் இருந்ததா? இல்லை அல்லவா? வெட்டில் தவறில்லை. அது கஞ்சி.

சோறு வடித்த கஞ்சியை வடிகட்டி, மூன்று பங்கு நீர் கலந்து, முழு ரவிக்கையையும் அல்லாமல் கையை மட்டும் அதில் முக்கிப் பிழியுங்கள். நிழலில் காய வைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே, ஒரு சிறு துண்டை உருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு இஸ்திரியின் முனையால் சுருக்கங்களுக்கு நடுவே தேயுங்கள். பஃபின் மேல் இஸ்திரியைப் படுக்க வைத்து அழுத்தினால் மறுபடியும் துவண்டுவிடும்.

பொதிக்குள் இதை ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்புக்குப் பிறகு அந்த அம்மா உங்களுக்குத்தான் தொலைபேசியில் அழைப்பார்.